சீட்டு வலிக்கிறது என்று யாரிடம் சொல்வது?

நேயர்களுக்கு வணக்கம்.

சைக்கிளைப் பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்திலிருந்து கூப்பிட்டபோது, சைக்கிளில் எதைப் பற்றி என்று கேட்டேன். "உங்கள் இஷ்டம் டீச்சர்" என்றார்கள். சரி, சீட்டைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

செயின் கழன்றால் சொல்கிறோம். பிரேக் பிடிக்கவில்லை என்றால் ஊரைக் கூட்டுகிறோம். சீட்டு வலிக்கிறது என்று மட்டும் வாய் திறப்பதில்லை, வலிக்கிற இடம் அப்படி. எத்தனையோ பேர் ஆசையாகச் சைக்கிள் வாங்கி, பத்து நாள் ஓட்டி, மாடிப்படிக்குக் கீழே சாத்திவிடுகிறார்கள். கேட்டால் நேரமில்லை, தெரு நாய் துரத்துகிறது என்பார்கள். நான் நம்புவதில்லை.

நான் சைக்கிள் பழகியது புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது. 1991-92 என்று வைத்துக்கொள்ளுங்கள். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு பெண்கள் சைக்கிள் ஓட்டுவதையும் சேர்த்துவிட்டார். நானும் ஒரு தொண்டர். லேடீஸ் சைக்கிள் கிடைக்காததால், நடுவில் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பழகினோம். முழங்கால் சிராய்ப்பெல்லாம் கணக்கில்லை. ஆனால் சீட்டு வலித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. 22 வயது, அந்த வயதில் எது வலிக்கும் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வயது பாதிக் காரணம்தான். மீதி அந்தச் சீட்டு.

அது தோல் சீட்டு. முன்னே ஒரு முனை, பின்னே ஒரு முனை, இரண்டுக்கும் நடுவே தடித்த தோலை இழுத்துக் கட்டியிருக்கும். அடியில் பஞ்சு கிடையாது, பலகை கிடையாது, வெறும் காற்றுதான். பின்பக்கம் இரண்டு சுருள் ஸ்பிரிங், உட்கார்ந்தால் 'கிரீச்' என்று ஒரு சத்தம். கயிற்றுக் கட்டில் என்ன செய்கிறதோ அதையேதான் அதுவும் செய்கிறது. இடுப்பு பதியும் இடத்தில் கயிறு தொய்வதைப்போல, எலும்பு படும் இரண்டு இடத்தில் மட்டும் தோல் மெல்லக் குழிந்துகொடுக்கும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு அது ஓட்டுகிறவரின் அச்சாகவே ஆகிவிடும். ஒருவர் பழக்கிய சீட்டு இன்னொருவருக்குச் சுகப்படாது. வாடகை சைக்கிளில் யார் யாரோ உட்கார்ந்து பொதுவாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும், அது வேறு கதை.

இந்த மாதிரிச் சீட்டுக்குப் பேர்போன கம்பெனி இங்கிலாந்தில் இருக்கிறது, புரூக்ஸ். ஜான் புரூக்ஸ் என்பவர் 1866ல் பர்மிங்காமில் குதிரைச் சேணம் போன்ற தோல் சாமான்கள் செய்யத் தொடங்கினார். 1878ல் அவருடைய குதிரை செத்துப்போக, வேறு குதிரை வாங்க வசதியில்லாமல் வேலைக்குப் போய்வரச் சைக்கிளை இரவல் வாங்கினாராம். அதன் சீட்டில் அவர் பட்ட பாட்டில்தான் நல்ல சீட்டு செய்யும் யோசனை பிறந்தது என்பது அந்தக் கம்பெனியே சொல்லிக்கொள்ளும் கதை. 1882ல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். சேணம் தைக்கிறவருக்குத்தான் உட்காருகிற கஷ்டம் தெரியும் போலிருக்கிறது. 1890களில் வந்த அவர்களுடைய ஒரு மாடல் இன்றைக்கும் விற்பனையில் இருக்கிறது.

அப்புறம் எனக்கு வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, ஸ்கூட்டர் வந்தது. சைக்கிள் போய்விட்டது. ஐம்பதைத் தாண்டிய பிறகு சர்க்கரை எட்டிப் பார்க்க, டாக்டர் உடம்பை அசைக்கச் சொன்னார். மகன் ஒரு கியர் சைக்கிள் வாங்கிக் கொடுத்தான். பளபளவென்று அழகான வண்டி. சீட்டுதான் கத்தரிக்காயை நடுவில் நறுக்கிக் கவிழ்த்த மாதிரி இருந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை சித்தன்னவாசல் வரை போய்வந்தேன், போக மட்டுமே சுமார் 16 கிலோமீட்டர். மறுநாள் வகுப்பில் நாற்காலி பக்கமே போகாமல் ஐந்து பீரியடும் நின்றுகொண்டே நடத்தினேன். "இன்னைக்கு டீச்சர் ரொம்ப கண்டிப்பா இருக்காங்க" என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள்.

உடனே எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். மெத்தென்ற ஜெல் கவர் ஒன்று வாங்கி மாட்டினேன். கடையில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தபோது அல்வா மாதிரி அமுங்கியது. அரைமணி ஓட்டம் வரை சுகம். அதற்கு மேல் வலி போய், மரத்துப்போகத் தொடங்கியது. வலி குறைந்துவிட்டதே என்று நான் சந்தோஷப்பட்டதுதான் பெரிய முட்டாள்தனம்.

எங்கள் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. கூச்சத்தை விட்டு அவரிடம் சொன்னேன். கவரைக் கழற்றித் திண்ணையில் வைத்தார். "டீச்சர், சேத்துல நடந்தா கால் புதையுது. தார் ரோட்டுல புதையுதா? எலும்புக்குத் தரை வேணும்" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். நாம் உட்காரும்போது பாரத்தைத் தாங்குவதற்கென்றே இடுப்பெலும்பின் அடியில் இரண்டு மேடுகள் இருக்கின்றன. உள்ளங்கையை அடியில் வைத்துக்கொண்டு மரப்பலகையில் உட்கார்ந்து பாருங்கள், தட்டுப்படும். அந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது மெல்லிய சதை. அதற்குள் நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுகின்றன, பாரம் அங்கே விழக்கூடாது. ரொம்ப மெத்தென்ற சீட்டில் எலும்பு புதைந்து இறங்குகிறது, புதையும் ஜெல் நடுவில் மேலே பிதுங்குகிறது. பிதுங்கி எங்கே அழுத்துகிறது? எங்கே கூடாதோ அங்கே.

புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு எலும்பு படும் இடத்தில் முதல் இரண்டு வாரம் வலிப்பது சகஜம், பழகிவிடும். மரத்துப்போவது சகஜம் இல்லை, பழக்கவும் கூடாது. மரத்தால் உடனே எழுந்து நின்று பெடல் போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் சீட்டை மாற்றும் வழியைப் பாருங்கள். மணிக்கணக்கில் மரப்பு விடவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

ஆண்கள் இதைக் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு கேட்கலாம். அமெரிக்காவில் சைக்கிளில் ரோந்து போகும் போலீஸ்காரர்கள் 90 பேருக்கு, முன்னால் நீளும் மூக்கே இல்லாத சீட்டை 6 மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். தொழில்சார் உடல்நலத்துக்கான அந்த நாட்டு அரசு நிறுவனம் செய்த ஆய்வு, 2008ல் வெளியானது. முன்பு, மரத்துப்போகவே இல்லை என்று சொன்னவர்கள் 27 சதவீதம். மூக்கில்லாச் சீட்டுக்கு மாறிய பிறகு அது 82 சதவீதம். மூக்கில்லாமல் வண்டியைத் தொடையால் திருப்புவது முதலில் சிரமமாகத்தான் இருக்கும், ஆனால் பழகுகிற சிரமம்.

சரி, எனக்கு எந்தச் சீட்டு? அண்ணன் ஒரு ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டியைக் கிழித்துக் கொடுத்து, வீட்டில் போய்ச் செய்யச் சொன்னார். உள்ளே வரிவரியாக மடிப்பு இருக்குமே, அந்த அட்டை. அதை வாசல் கல்படியில் வைத்து, மெல்லிய துணி உடுத்தி உட்கார வேண்டும். சைக்கிளில் குனிவது போலவே கொஞ்சம் முன்னால் குனிந்து, கால்களை லேசாகத் தூக்கி ஒரு நிமிடம் இருக்க வேண்டும். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு பள்ளம். சாக்பீஸால் இரண்டின் நடுவிலும் புள்ளி வைத்து ஸ்கேலால் அளந்தேன். எனக்கு 13 சென்டிமீட்டர். பொதுவாகப் பத்திலிருந்து பதினைந்து வரை ஆளுக்கு ஆள் மாறும். பெண்களுக்குச் சற்று அகலமாக இருப்பது வழக்கம், ஆனால் ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாது. குண்டாக இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. எலும்பின் கணக்கு வேறு, சதையின் கணக்கு வேறு.

என் வண்டியில் வந்த சீட்டு 14 சென்டிமீட்டர். 13க்கு 14 போதுமே என்று தோன்றும். போதாது, ஓரங்கள் வளைந்து கீழே இறங்குகின்றனவே. என் எலும்புகள் அந்தச் சரிவில் தொங்கிக்கொண்டிருந்தன. அளவோடு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ள வேண்டும். நிமிர்ந்து ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம். நிமிர்ந்தால் பாரமெல்லாம் பின்பக்கம் இறங்குகிறது, அதனால் அகலமும் ஸ்பிரிங்கும் வேண்டும். முன்னால் குனிந்து ஓட்டினால் பாதிப் பாரம் கைக்கும் காலுக்கும் போய்விடும், குறுகலான, கெட்டியான சீட்டு போதும். அந்தக் காலத்து ஜென்ட்ஸ் சைக்கிளில் எனக்கு ஏன் வலிக்கவில்லை என்பது அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் விளங்கியது.

அண்ணனிடம் ஒரு சாக்கு மூட்டை நிறையப் பழைய சீட்டுகள். வாரத்துக்கு ஒன்று மாட்டிப் பார்த்தேன். முதல் சீட்டு தொடையில் உரசியது. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவது 16 சென்டிமீட்டர், கெட்டியான ஃபோம், நடுவில் நீளமாக ஒரு பள்ளம். அது வந்த பிறகு சீட்டு என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. விலை கேட்டேன், இரண்டு டீ வாங்கித் தரச் சொன்னார்.

ஆனால் சீட்டை மாற்றுவதற்கு முன்னால் இருப்பதையே சரியாக வைத்துப் பாருங்கள். நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் சீட்டைத் தாழ்வாக வைத்துக்கொள்கிறார்கள், இரண்டு காலும் தரையில் பதிய வேண்டுமென்று. தாழ்ந்தால் கால் பாரம் வாங்காது, மூட்டைபோல மொத்தமும் சீட்டில் இறங்கும், முழங்காலும் வலிக்கும். பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்புக்கு விலையில்லாச் சைக்கிள் வரும் நாளில், இதற்காகவே ஒரு ஸ்பேனரோடு மரத்தடியில் நிற்பேன். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வை, பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் நேராக நீள வேண்டும் என்பேன். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் சிறிது மடங்கியிருக்கும், அதுதான் சரியான உயரம். இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினால் உயரம் அதிகம், உரசிப் புண்ணாகும். சீட்டின் மூக்கு மேலே தூக்கியிருந்தால் குத்தும், கீழே சாய்ந்தால் சறுக்கிச் சறுக்கி மணிக்கட்டு போய்விடும். மட்டமாக வைத்துத் தொடங்கி, நூல் நூலாக மாற்றுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் திருகினால் எது பலித்தது என்று தெரியாது.

துணி விஷயமும் உண்டு. உள்ளாடையின் தடித்த தையல் சரியாக எலும்புக்கு அடியில் வந்தால் எந்தச் சீட்டும் காப்பாற்றாது. நீண்ட தூரம் போகிறவர்கள் உள்ளே மெத்தை வைத்த சைக்கிள் டிரவுசர் போடுகிறார்கள். அதற்குள் வேறு உள்ளாடை போடக்கூடாது என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. நான் வானொலியில் சொல்லிவிட்டேன். வியர்வையோடு உட்கார்ந்திருக்காமல் வந்தவுடன் குளித்துவிடுங்கள்.

கறிகாய் வாங்கப் போவதற்குப் பரணில் கிடந்த பழைய ஜென்ட்ஸ் சைக்கிளை இறக்கி, அதற்கு அண்ணனிடம் ஸ்பிரிங் வைத்த தோல் சீட்டு ஒன்று போட்டிருக்கிறேன். தோலுக்கு எப்போதாவது அடியில் கொஞ்சம் மெழுகுப் பசை தடவினால் போதும், எண்ணெயில் ஊறவைத்தால் தொய்ந்துவிடும். வெயிலிலும் மழையிலும் விடக்கூடாது. நாளைக் காலை அதை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போக வேண்டும். வானம் மூட்டமாக இருக்கிறது, சீட்டுக்குப் போட ஒரு பாலிதீன் பையைக் கேரியரில் மடித்துச் செருகியிருக்கிறேன். வணக்கம்.