ஏர் பிஸ்டல் ரியர் சைட் ஆடுதா? இறுக்குறதுக்கு முன்னால எது ஆடுதுன்னு பாருங்க

(காட்சி: மேசையில பழைய வெள்ளை வேட்டித் துணி. அது மேல 10 மீட்டர் ஏர் பிஸ்டல். விரல் நகம், குறி பாக்கிறதுக்குப் பின்பக்கம் இருக்கிற ரியர் சைட்ட இடமும் வலமும் தள்ளுது. சின்னதா ஒரு 'டிக்' சத்தம்.)

இந்தச் சத்தம் கேட்டுதா? கேட்ட உடனே நம்ம ஆளுங்க முக்காவாசிப் பேரு திருப்புளிய எடுத்து, கண்ணுல பட்ட ஸ்க்ரூவ நெரிச்சு இறுக்குதாங்க. கண்ணுல படுறது பெரும்பாலும் பக்கவாட்டுல இருக்கிற வின்டேஜ் ஸ்க்ரூ. அது சைட்ட இடம் வலமா நகத்துறதுக்கு உள்ளது, பிடிச்சு வைக்கிறதுக்கு இல்ல. ஆட்டமும் போகாது, ஸ்க்ரூவப் படிப்படியா நிறுத்துற கிளிக், நல்லா இருந்ததும் கெட்டுப்போகும். அதனால இந்த வீடியோவுல பாதி நேரம் எது ஆடுதுன்னு கண்டுபிடிக்கத்தான் போகுது. இறுக்குற வேலை அஞ்சு நிமிசம்.

ஒண்ணு முதல்லயே சொல்லிருதோம். இது ஏர் பிஸ்டலுக்கு மட்டும். தோட்டா போடுற துப்பாக்கின்னா, அது லைசென்ஸ் உள்ளதா இருந்தாலும், வீட்டு மேசையில பிரிக்காதீங்க. 1959 ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவுல, ரிப்பேர் பண்றதுக்கே தனி லைசென்ஸ் வேணும்னு இருக்கு. அத லைசென்ஸ் உள்ள கடையில குடுங்க.

(காட்சி: தாள் டார்கெட். நடு வட்டம் பெருசாகுது.)

இந்த ஆட்டம் எவ்வளவு நட்டம்னு ஒரு கணக்கு. முனைப் பக்கம் இருக்கிற ஃப்ரன்ட் சைட்டுக்கும் ரியர் சைட்டுக்கும் நடுவுல 330 மி.மீ. தூரம்னு வச்சுக்கிடுங்க. டார்கெட் 10 மீட்டர்ல, அதாவது 10,000 மி.மீ. தள்ளி இருக்கு. ரியர் சைட் 0.1 மி.மீ. நகர்ந்தா அங்க குறி 3 மி.மீ. விலகும். 0.1 மி.மீ.ங்கிறது ஒரு ஏ4 தாளோட தடிமன்.

பத்தாம் வட்டத்தோட விட்டம் 11.5 மி.மீ., பெல்லட் 4.5 மி.மீ. கோட்டத் தொட்டாலே பத்துதான். அப்பம் பெல்லட்டோட நடு, டார்கெட் நடுவுல இருந்து 8 மி.மீ. வரை விலகலாம். மூணால வகுத்துப் பாருங்க: ரெண்டே முக்கால் தாள் தடிமனுக்கு சைட் ஆடுனா, நடுப்பத்து ஒன்பதாயிரும். கை நடுக்கம், டிரிகர் இழுப்பு எல்லாம் இதுக்கு மேல தனி. ரெண்டு மாசமா ஸ்கோர் ஏறலன்னு கோச் கிட்ட வாங்கிக் கட்டிக்கிடுற பிள்ளைங்க, ஒருக்கா சைட்டயும் தொட்டுப் பாக்கலாம்.

(காட்சி: கை லோடிங் லீவரத் திறக்குது. ஆரஞ்சு நிறச் சேஃப்டி கயிறு பேரல் வழியா நுழையுது.)

முதல்ல பிஸ்டலப் பத்திரமாக்கணும். முனை ஆள் இல்லாத பக்கம் பாக்கட்டும். லீவரத் திறந்து உள்ள பெல்லட் இல்லன்னு கண்ணால பாத்து, சேஃப்டி கயிற பேரல் முழுக்க விட்டு மறுமுனையில வெளிய எடுங்க. காத்துச் சிலிண்டர் உள்ள பிஸ்டல்னா அதையும் கழட்டி ஓரமா வைங்க. உள்ள 200 பார் வரை காத்து இருக்கும், அது பக்கத்துல சுத்தியல் வேலை வேண்டாம். பெல்லட் டப்பா அடுத்த ரூமுல இருக்கட்டும்.

இப்பம் எது ஆடுதுன்னு பாப்போம். ரியர் சைட்ங்கிறது ஒரே துண்டு இல்ல. அடிக்கட்டை ஒண்ணு, அது பிஸ்டல் உடம்போட ஒண்ணோ ரெண்டோ ஸ்க்ரூல பிடிச்சிருக்கும். அது மேல ஏறி இறங்குற எலிவேஷன் பாகம், ஒரு குறுக்குப் பின்னுல தொங்கும். அதுல இடம் வலம் ஓடுற வின்டேஜ் வண்டி. கடைசியா, நாம கண்ணு வச்சுப் பாக்கிற பள்ளம் உள்ள தகடு. இந்த நாலு சேருற இடத்துல எங்க வேணும்னாலும் ஆட்டம் வரலாம்.

(காட்சி: ஆள்காட்டி விரல் நுனி, அடிக்கட்டையும் உடம்பும் சேருற கோட்டு மேல. மறுகை சைட்ட லேசா தள்ளுது.)

கண்ண நம்பாதீங்க, விரல நம்புங்க. விரல் நுனிய ரெண்டு பாகம் சேருற கோட்டு மேல, பாதி இங்க பாதி அங்கன்னு வச்சுட்டு, மறுகையால சைட்ட லேசா தள்ளுங்க. கண்ணுக்குத் தெரியாத அசைவு கூட தோலுக்குத் தெரியும். கீழ இருந்து ஒவ்வொரு இணைப்பா மேல வாங்க. திருநெல்வேலி பேட்டை ஐடிஐயில ஃபிட்டர் படிச்சவங்கன்னா டயல் கேஜ் வச்சே பாத்துருவாங்க, இல்லாதவங்களுக்கு விரல் போதும்.

இதுல ஏமாந்துராதீங்க: வின்டேஜ் வண்டி, ஸ்ப்ரிங் பலத்துல ஒரு பக்கமா சாஞ்சு நிக்கும். ஸ்ப்ரிங்குக்கு எதிரா தள்ளுனா நகரத்தான் செய்யும். விட்ட உடனே பழைய இடத்துக்கு வந்து நின்னுட்டா கோளாறு இல்ல. வராம அங்ஙனயே நின்னாத்தான் கோளாறு. முதல்ல நாம கேட்ட 'டிக்' சத்தம் அந்த மாதிரி நல்ல சத்தமாவும் இருக்கலாம்.

இன்னொரு சோதனையும் பண்ணிப் பாத்துருங்க. மெல்லிசு மார்க்கர் பேனாவால அடிக்கட்டை மேலயும் உடம்பு மேலயும் சேத்து ஒரே கோடு போடுங்க. 60 ஷாட் அடிச்சுட்டுப் பாருங்க. கோடு ரெண்டாப் பிரிஞ்சு நின்னா அடிக்கட்டைதான் குற்றவாளி. கோடு நேரா இருந்தும் குறி அலையுதுன்னா, ஃப்ரன்ட் சைட்டையும் கைப்பிடி ஸ்க்ரூவையும் பாருங்க. கைப்பிடி ஆடுனாலும் டார்கெட்ல இதே மாதிரிதான் சிதறும். அத விட்டுட்டு சைட்டப் போட்டு நோண்டுனா என்ன பிரயோசனம்?

(காட்சி: ஆலன் கீ செட் ரெண்டு, பக்கத்துல பக்கத்துல.)

அடிக்கட்டைதான் ஆடுதுன்னு வச்சுக்கிடுவோம். அதிகமா வர்றதும் இதுதான். ஹார்டுவேர் கடையில அண்ணாச்சி கிட்ட ஆலன் கீ கேக்கும்போது மி.மீ. செட்டா இஞ்ச் செட்டான்னு சொல்லிக் கேளுங்க. 1.5 மி.மீ. கீ, 1/16 இஞ்ச் குழிக்குள்ளயும் நுழைஞ்சிரும். ஆனா 0.09 மி.மீ. லொடலொடப்பு இருக்கும். ரெண்டு தடவை திருகுனா குழி வட்டமாயிரும், அப்புறம் ஸ்க்ரூவக் கழட்ட லேத்துக்காரர்தான் வரணும். கீ முனை தேஞ்சிருந்தாலும் இதே கதி. பழைய கீயின்னா, முனைய ரெண்டு மி.மீ. அரத்தால ராவிட்டுப் பயன்படுத்துங்க.

ஸ்க்ரூவ முழுசா வெளிய எடுங்க. எடுக்காம மேலயே ஒரு திருகு திருகிட்டு விட்டா, ஒரு வாரத்துல திரும்ப ஆடும். ஏன்னா கழந்ததுக்குக் காரணம் மரைக்குள்ள இருக்கிற எண்ணெய். எண்ணெய் இருந்தா மரைக்குப் பிடிப்பு இல்ல, ஒவ்வொரு ஷாட் அதிர்வுக்கும் ஒரு முடி அளவு பின்னால சுத்தும். ஸ்ப்ரிங் பிஸ்டல்ல பிஸ்டன் முன்னும் பின்னுமா உதைக்கிறதால இது ரொம்ப வேகமா நடக்கும். காத்துச் சிலிண்டர் உள்ளதுல மெதுவா நடக்கும்.

எண்ணெய்ன்னதும் இதையும் சொல்லணும். நம்ம ஊர்ல எது கரகரன்னாலும் தேங்கா எண்ணெய். கதவுக் கீலுக்கு ஊத்துங்க, வேண்டாம்னு சொல்லல. பிஸ்டலுக்கு ஆகாது. 24 டிகிரிக்குக் கீழ போனா அது உறைஞ்சிரும். ஏசி போட்ட ரேஞ்சுல 22 டிகிரியில, ஸ்க்ரூவுக்கு கிளிக் குடுக்கிற குட்டி உருண்டை, அதான் கிளிக் பந்து, வெண்ணெய்க்குள்ள மாட்டுன மாதிரி நிக்கும். வெளிய வந்தா இளகி தூசியப் பிடிக்கும். டபிள்யூடி-40யும் மரையச் சுத்தம் பண்ண ஆகாது, எண்ணெய்ப் படலத்த விட்டுட்டுப் போகும்.

சுத்தம் பண்ண ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், மெடிக்கல் கடையில கிடைக்கும். காது குடையுற பட்ஸ்ல தொட்டு ஸ்க்ரூ மரை, குழி மரை, அடிக்கட்டையோட அடிப்பாகம், அது உக்காருற மேடை எல்லாத்தையும் துடைங்க. பட்ஸ் வெள்ளையா வர்ற வரைக்கும். பஞ்சு நார் எதுவும் மரையில நிக்கக்கூடாது. பத்து நிமிசம் காய விடுங்க. மேடையில பிசிறோ பழைய பசையோ இருந்தா அடிக்கட்டை படியாது. படியாததை எவ்வளவு இறுக்குனாலும் ஆடத்தான் செய்யும்.

(காட்சி: மூணு லாக்டைட் பாட்டில். ஊதா, நீலம், சிவப்பு. சிவப்புல பெருக்கல் குறி.)

அடுத்து மரைப்பசை. சின்ன ஸ்க்ரூவுக்கு ஊதா, அதாவது 222. அது கிடைக்கலன்னா நீலம், 243. சிவப்பு பக்கமே போகாதீங்க, சூடு காட்டாம கழறாது, சூடு காட்டுனா உள்ள காத்துக் கசியாம அடைக்கிற ரப்பர் வளையம், ஓ-ரிங், போச்சு. குண்டூசி முனையில ஒரு துளி எடுத்து ஸ்க்ரூவோட கடைசி மூணு மரையில மட்டும் தொடுங்க. அதிகமா வச்சா வழிஞ்சு எலிவேஷன் பாகத்துக்குள்ள இறங்கும். அடிக்கட்டை பிளாஸ்டிக்னா இந்தப் பசை வேண்டவே வேண்டாம். உலோகத்தோட ஒட்டி, காத்து படாம இருந்தாத்தான் அது இறுகும், சில பிளாஸ்டிக்க வெடிக்கவும் வச்சிரும்.

ஃபெவிக்விக் போட்டா என்னன்னு கேக்காங்க. அதிர்வு பட்டா உடையும், அது கிடக்கட்டும். அதோட ஆவி சுத்தி இருக்கிற கறுப்புப் பூச்சு மேல வெள்ளையாப் படியும். ரியர் சைட் தகடு வெள்ளையாச்சுன்னா எதப் பாத்துக் குறி வைப்பீங்க?

இறுக்கும்போது ஆலன் கீயோட குட்டைக் கைய ரெண்டு விரலால பிடிச்சுத் திருகுங்க. நீட்டுக் கை வேண்டாம். எம்3, அதாவது 3 மி.மீ. ஸ்க்ரூ அலுமினியத்துல போகுதுன்னா ஒரு நியூட்டன் மீட்டர் பலமே எல்லை, அதுக்குக் கொஞ்சம் உள்ளயே நிறுத்துங்க. ரெண்டு ஸ்க்ரூ இருந்தா ஒண்ண முழுசா இறுக்கிட்டு அடுத்ததுக்குப் போகாதீங்க. மாத்தி மாத்தி, மூணு சுத்துல முடிங்க. அப்புறம் 24 மணி நேரம் தொடாதீங்க. அலுமினியத்துல இந்தப் பசை இரும்பை விட மெதுவாத்தான் இறுகும். சாயங்காலம் மாட்டிட்டு ராத்திரியே பிராக்டிஸ் போனா பட்ட பாடு வீண்.

மரையே போயிருச்சுன்னா, ஸ்க்ரூ சும்மா சுத்திக்கிட்டே இருக்கும். பெரிய ஸ்க்ரூ போட்டு அடிக்கிறது, டெஃப்லான் டேப் சுத்துறது எல்லாம் வேண்டாம். அந்தக் குழியில எஃகுச் சுருள் மரை வைக்கலாம், ஹெலிகாயில்னு கேட்டா நல்ல லேத் பட்டறையில தெரியும். குழிக்குக் கீழ காத்துப் பாதை ஓடுதா, பேரல் ஓடுதான்னு பாத்துட்டுத்தான் டிரில்லத் தொடவே விடணும். தெரியலன்னா கம்பெனிக்கு அனுப்புங்க.

(காட்சி: பெரிய ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பை. அதுக்குள்ள ரெண்டு கையும் பிஸ்டலும்.)

ஆட்டம் வின்டேஜ் வண்டியிலயோ எலிவேஷன்லயோ இருந்தா, ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கும், இல்லன்னா கிளிக் பந்து துருப்பிடிச்சிருக்கும். தூத்துக்குடி, திருச்செந்தூர் பக்கம் உப்புக் காத்துக்கும், தென்காசி பக்கம் சாரல் மாசத்து ஈரத்துக்கும் இது சாதாரணம். பிரிக்கும் முன்னால வின்டேஜ், எலிவேஷன் ரெண்டு ஸ்க்ரூவையும் கடைசி வரை உள்ள திருகி, எத்தன கிளிக்னு எண்ணி எழுதி வைங்க. திரும்ப மாட்டும்போது அந்த எண்ணிக்கைதான் வழிகாட்டி.

பிரிக்கிறத இந்தப் பைக்குள்ள வச்சுப் பிரிங்க. கிளிக் பந்து மிளகை விடச் சின்னது. தெறிச்சா பீரோவுக்கு அடியில தேடி அரை நாள் போகும். துருப்பிடிச்ச ஸ்ப்ரிங்கத் தேய்ச்சு மாட்டாதீங்க, மாத்துங்க. பழைய ஸ்ப்ரிங்க இழுத்து நீட்டிப் போட்டா நாலு நாளைக்கு நல்லா இருக்கும், திரும்பச் சுருங்கிரும். மாட்டும்போது பந்துக்கு ஒரு பொட்டு மெல்லிசு கிரீஸ். மரைப்பசை இங்க கூடாது.

பள்ளத் தகடு ஆடுறது எளிசு. அதப் பிடிக்கிற சின்ன ஸ்க்ரூவ இறுக்குனா தீந்துது. ஆனா குறுக்குப் பின் குழி நீள்வட்டமாத் தேஞ்சிருந்தா வீட்டுல வேலை இல்ல. சைட்ட முழுசா மாத்துறதுதான் வழி.

(காட்சி: தாள் டார்கெட். அஞ்சு ஓட்டை இடது மேல் பக்கம்.)

மறுநாள் ஜீரோ பண்ணணும், அதாவது குறி வச்ச இடத்துலயே ஷாட் விழுற மாதிரி சைட்டச் சரி பண்ணணும். கைப்பிடிய மணல் மூட்டை மேல தாங்கி, அஞ்சு ஷாட் சும்மா அடிச்சு சைட்டப் படிய விடுங்க. அப்புறம் அஞ்சு ஷாட் எண்ணிக்கையில சேத்து அடிங்க. ஷாட் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் ரியர் சைட் போகணும். வலது போகணும்னா வலது, ஏறணும்னா மேல. ஸ்க்ரூ தலையில இருக்கிற எழுத்த நம்பி மட்டும் திருகாதீங்க. சில கம்பெனி ஷாட் போன திசைய எழுதும், சில கம்பெனி போக வேண்டிய திசைய எழுதும். பத்து கிளிக் திருகி அஞ்சு ஷாட் அடிச்சுப் பாத்தா, திசையும் தெரியும், ஒரு கிளிக்குக்கு எத்தன மி.மீ.ன்னும் தெரிஞ்சிரும். மரை இடைவெளி 0.5 மி.மீ., ஒரு சுத்துக்கு 20 கிளிக்னா, நம்ம 330 மி.மீ. கணக்குல ஒரு கிளிக்குக்கு முக்கால் மி.மீ. வரும்.

மூணு கிளிக் பின்னால வரணும்னா, நேரா மூணு வராதீங்க. ஆறு வந்துட்டு மூணு முன்னால போங்க. மரையில இருக்கிற சும்மா ஆட்டம் எப்பவும் ஒரே பக்கம் சாஞ்சு நிக்கும். இத விட்டதாலதான், முதல் ரெண்டு ஷாட் ஒரு இடத்துலயும் மிச்சம் இன்னொரு இடத்துலயும் விழுது.

வண்டி டேங்க் பையிலயோ டிக்கியிலயோ பிஸ்டல வச்சுட்டு, மத்தியானம் நெல்லை டவுன் வாகையடி முக்குல நிறுத்திட்டுப் போகாதீங்க. பிளாஸ்டிக் அடிக்கட்டை சூட்டுல மெல்ல அமுங்கி, ஸ்க்ரூ சுத்தாமலே பிடி விட்டுப்போகும். காத்துச் சிலிண்டருக்கும் அந்தச் சூடு ஆகாது. சாரல் மாசத்துல பெட்டிக்குள்ள ரெண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைங்க.

(காட்சி: வெள்ளை நகப்பூச்சு. ஸ்க்ரூ தலையில இருந்து அடிக்கட்டை வரை மெல்லிசா ஒரு கோடு.)

கடைசியா, காஞ்ச பிறகு ஸ்க்ரூ தலைக்கும் அடிக்கட்டைக்கும் சேத்து நகப்பூச்சுல ஒரு கோடு. மேட்ச் பெல்லட் டப்பாவுல 500 இருக்கும். டப்பா தீரும்போதெல்லாம் இந்தக் கோட்டப் பாருங்க. விரிசல் விட்டிருந்தா ஸ்க்ரூ சுத்தியிருக்கு. இறுக்காதீங்க, கழட்டித் துடைக்கிறதுல இருந்து ஆரம்பிங்க.