பயணத்தில் ஒன்பது குழி போதும்

எல்லாருக்கும் வணக்கம். கோல்ஃப் பற்றித் தமிழில் பேச ஒரு மேடை கிடைத்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆடுகிறவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறீர்கள், அவர்களோடு வந்தவர்கள் கொஞ்சம் பேர், இரண்டும் இல்லாமல் கேட்க வந்தவர்களும் இருப்பீர்கள். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். வெளியூர் போகும்போது பெயர் பெற்ற பதினெட்டுக் குழித் திடலைத் தேடி ஓடாதீர்கள், அந்த ஊரிலேயோ பக்கத்திலேயோ சின்னதாக ஒன்பது குழித் திடல் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

“ஒன்பது குழியெல்லாம் ஒரு ஆட்டமா?” என்று நம்மவர்களே கேட்கிறார்கள். இந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வரும், அதனால் முதலில் இதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தில் கோல்ஃபின் தாய்வீடு என்கிற செயின்ட் ஆண்ட்ரூஸில் 1764 வரைக்கும் ஒரு சுற்று என்றால் 22 குழி. சில குழிகளைச் சேர்த்து 18 ஆக்கினார்கள், பிற்பாடு அதுவே எல்லாருக்கும் அளவாகிவிட்டது. கோல்ஃபின் மிகப் பழைய பெரிய போட்டியான ஓப்பன் முதன்முதலாக 1860-இல் அதே ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கில் நடந்தபோது அங்கே இருந்தது 12 குழிதான். அப்புறம் எடின்பரோவுக்குப் பக்கத்தில் மசல்பரோ என்று ஓர் ஊர், அங்குள்ள பழைய திடல் ஒன்பது குழி. 1874-க்கும் 1889-க்கும் இடையில் ஓப்பன் அங்கே ஆறு தடவை நடந்தது, அந்த ஒன்பதையே நான்கு முறை சுற்றி 36 குழி ஆடித்தான் சாம்பியன் பட்டம் வாங்கினார்கள். இன்று உலகம் முழுக்கக் குழியின் விட்டம் நாலேகால் அங்குலம் இருக்கிறதே, அது 1829-இல் மசல்பரோவில் பயன்பட்ட குழிவெட்டும் கருவியிலிருந்து வந்த அளவு என்று சொல்வார்கள். இப்படி ஒரு திடலை அரை ஆட்டம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

மசல்பரோ திடல் குதிரைப் பந்தயத் தடத்துக்கு உள்ளே இருக்கிறது. நம் சிங்கப்பூரிலும் கதை அப்படித்தான் தொடங்கியது. 1891-இல் இங்கே கோல்ஃப் கிளப் ஆரம்பித்தபோது ஒன்பது குழிகளைப் போட்டது பந்தயத் திடலில், அதாவது இன்றைய ஃபேரர் பார்க்கில். வாழையிலைச் சாப்பாட்டுக்கும் மீன் தலைக் கறிக்கும் நாம் போகிற ரேஸ் கோர்ஸ் ரோட்டை ஒட்டித்தான், ஐயா! இப்போது இடம் இல்லை. கோல்ஃப் திடல்கள் தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 2 சதவீதத்தை எடுத்துக்கொள்கின்றன என்று 2014-இல் அரசு சொன்னது, அதிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பப் பெறுகிறார்கள். எல்லாரும் போய் ஆட முடிந்த மெரினா பே திடல் 2024-இல் மூடப்பட்டது. வீடு கட்ட நிலம் வேண்டும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கிளப் உறுப்பினராக இல்லாத ஒருவருக்கு இனிமேல் ஆட்டம் என்றாலே பெரும்பாலும் பயணம்தான்.

பயணத்தில் நேரம் பெரிய விஷயம். பதினெட்டுக் குழிக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் போகும், போய் வருவது, குளிப்பது, சாப்பிடுவது எல்லாம் சேர்த்தால் ஒரு நாளே போச்சு, வீட்டில் உள்ளவர்களுக்கு அது விடுமுறையும் இல்லை. ஒன்பது குழிக்கு இரண்டு மணி நேரம். விடியற்காலையில் கிளம்பினால் பிள்ளைகள் எழுந்து பசியாறுகிற நேரத்துக்குத் திரும்பிவிடலாம்.

நேரத்தை விட எனக்கு முக்கியமானது, அங்கே யாரைச் சந்திக்கிறோம் என்பது. மலேசியாவின் பகாங்கில் ஃபிரேசர்ஸ் ஹில் என்ற மலை ஊர் இருக்கிறது, கோலாலம்பூர் தாண்டி கோல குபு பாரு வழியாக மலை ஏற வேண்டும். பழைய ஈயச் சுரங்கம் இருந்த இடத்தில் போட்ட ஒன்பது குழித் திடல், ஊர் மணிக்கூண்டுக்குப் பக்கத்திலேயே. தனியாகப் போன என்னை அங்கே ஒரு பெரியவர் தன்னோடு சேர்த்துக்கொண்டார், ஓய்வு பெற்ற எஸ்டேட் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர். ரப்பர்த் தோட்டத்தில் துரைமார் ஆடுவதற்காகப் போட்டிருந்த திடலில் புல் வெட்டியவர் அவருடைய அப்பா. மூடுபனியில் குழியைக் காட்டும் கொடி தெரியாமல் நான் நின்றபோது, “கொடியைத் தேடாதீங்க தம்பி, அந்த மரத்துக்கு இடது பக்கமா அடிங்க, பந்து தானா உருண்டு வரும்” என்றார், அப்படியே வந்தது. பெரிய ரிசார்ட் திடலில் நமக்கு ஏறிப் போக ஒரு பேட்டரி வண்டி கிடைக்கும், ஒரு ஜிபிஎஸ் திரை கிடைக்கும். அந்தப் பெரியவரும் அவர் அப்பா கதையும் கிடைக்க மாட்டார்கள்.

மூணாறும் அப்படித்தான். ஹை ரேஞ்ச் கிளப்பின் ஒன்பது குழித் திடல் தோட்டக்காரர்கள் காலத்தது, சுற்றிலும் தேயிலை மலை, அந்தத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள். கேரளத்துக்குள் நின்றுகொண்டு “காத்து கீழ இருந்து வருது, ஒரு மட்டை பெருசா எடுங்க” என்று தமிழில் யோசனை கேட்டு ஆடுவது வேறு எங்கே நடக்கும்?

ஸ்காட்லாந்தின் ஹாரிஸ் தீவில் ஸ்காரிஸ்டா என்ற கடற்கரையில் ஒரு ஒன்பது குழி. பணம் வாங்க ஆள் இல்லை, ஒரு பெட்டி இருக்கும், கட்டணத்தை நாமே போட்டுவிட்டு ஆட வேண்டும். நியூசிலாந்துக் கிராமங்களிலும் இப்படிப் பெட்டிகள் உண்டு, அங்கே சில திடல்களில் ஆடுகள் மேய்ந்துதான் புல்லைக் குறைக்கின்றன, அவை கிரீனுக்குள், அதாவது குழியைச் சுற்றியுள்ள மெல்லிய புல்தரைக்குள், வராமல் சுற்றிலும் கம்பி கட்டியிருப்பார்கள். முன்பின் தெரியாத ஒருவனை ஓர் ஊர் இந்த அளவுக்கு நம்புகிறது என்பது எனக்கு ரொம்பப் பெரிய மரியாதையாகப் படுகிறது. அந்தப் பணத்தை ஒரு காசு குறையாமல் போட வேண்டும், பந்தை அடிக்கும்போது பெயர்த்த புல்லைத் திரும்ப வைத்து மிதித்துவிட்டு வர வேண்டும்.

ஹேண்டிகேப், அதாவது ஆடுகிறவரின் திறமையைக் காட்டும் எண், பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: உலக ஹேண்டிகேப் முறையில் ஒன்பது குழிக் கணக்கும் ஏற்கப்படுகிறது, 2024-லிருந்து அது கணக்கில் சேர இன்னொரு ஒன்பதுக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. மட்டைகள் விதிப்படி 14 வரை கொண்டு போகலாம், சின்னத் திடலுக்கு ஆறேழு போதும், தோளில் தூக்கிக்கொண்டு நடக்கலாம், விமானத்திலும் சுமை குறையும். இன்னும் வேறு விதமாக ஆட ஆசையென்றால் அதே ஒன்பதை இரண்டாம் முறை சுற்றுங்கள், பல இடங்களில் இரண்டாவது சுற்றுக்கு டீ, அதாவது முதல் அடி அடிக்கும் இடம், வேறாக இருக்கும், முதல் சுற்றில் ஏழாம் நம்பர் அயர்ன் மட்டை எடுத்த குழிக்கு இப்போது இன்னும் தூரம் அடிக்கிற ‘வுட்’ மட்டை கேட்கும்.

கிளம்பும் முன் ஒரு போன் மட்டும் போட்டுவிடுங்கள். மசல்பரோவில் பந்தய நாளில் ஆட முடியாது, மூணாறில் கிளப்பிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும், மலை ஊர்களில் மழைக் காலத்தில் மூடியும் வைப்பார்கள். ஜூன் பள்ளி விடுமுறைக்கு யாராவது மலேசியப் பக்கம் போவதாக இருந்தால் தேநீர் இடைவேளையில் என்னிடம் வாருங்கள், வழியைச் சொல்கிறேன்.