பிள்ளை சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள்

(மார்த்தாண்டத்தில் தமிழாசிரியர்களிடம் பேசியது)

டீச்சர்மாரே, சார்மாரே, நேரே விஷயத்துக்கு வருகிறேன். எட்டாம் வகுப்புக்கு வந்த பிறகும் சொந்தமாக நாலு வரி எழுத வராத பிள்ளை உங்கள் எல்லார் வகுப்பிலும் உண்டு. 'எனது கிராமம்' என்று தலைப்புக் கொடுத்தால் 'எனது கிராமம் அழகானது' என்று ஒரு வரியோடு நின்றுவிடுவான். இவனுக்கு ஒன்றும் ஏறாது என்று நாமும் அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுகிறோம்.

குலசேகரம் பக்கத்துப் பையன் என்றால் அவனிடம் ரப்பர் பால்வெட்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். விடியும் முன்னே அப்பா தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு போவது, வெயில் ஏறினால் பால் குறைந்துபோவது, சிரட்டையில், அதாவது தேங்காய் ஓட்டில், விழுந்ததை வாளியில் சேர்த்து, தண்ணீரும் ஆசிடும் கலந்து உறையவைத்து, மெஷினில் கொடுத்து ஷீட் அடித்துக் காயப்போடுவது, சிரட்டையில் ஒட்டிக் காய்ந்ததை உரித்தெடுத்து ஒட்டுப்பால் என்று தனியாக விற்பது வரைக்கும் வரிசை மாறாமல் சொல்வான். ஒரு கட்டுரைக்கு வேண்டிய ஒழுங்கு முழுக்க அவன் வாயிலேயே இருக்கிறது. குளச்சல் பிள்ளை வள்ளத்தையும் வலையையும் சொல்லும்போதும் இப்படித்தான்.

பிறகு ஏன் எழுத்தில் வரவில்லை? தமிழில் பேசுவது ஒரு மாதிரி, எழுதுவது வேறு மாதிரி. எல்லா ஊர்ப் பிள்ளைக்கும் இந்த இடைவெளி உண்டு. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த நம் குமரி மாவட்டத்தில், மலையாளமும் கலந்து புழங்குகிற வீடுகளில், அது இன்னும் அகலம். பையன் 'எனக்க அப்பா' என்று வாயெடுத்ததும் வகுப்பு சிரித்தால், அல்லது நாமே சிரித்தால், அப்புறம் அவன் புத்தகத்தில் இருப்பதைத் தவிர வேறெதையும் எழுதத் துணிய மாட்டான். தயவுசெய்து சிரிக்காதீர்கள்.

அவன் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். 'எனக்க அப்பா வெளுப்புக்கே பால் வெட்டப் போவாரு' என்றால் அப்படியே, ஒரு எழுத்துகூட மாற்றாமல். அதை அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். அவன் சொன்னதுதானே, தடுமாறினாலும் பிடித்துக்கொள்வான். அதற்குக் கீழே 'என் அப்பா விடியற்காலையில் பால் வெட்டப் போவார்' என்று இருவரும் சேர்ந்து எழுதுங்கள். மேல் வரியை அடிக்க வேண்டாம், இரண்டும் இருக்கட்டும். சில வாரம் போனால் மேல் வரியையும் அவனே எழுத ஆரம்பிப்பான், பிழையோடுதான், எழுதட்டும்.

பிழை திருத்துவதில்தான் நாம் அவசரப்படுகிறோம். பக்கம் முழுக்கச் சிவப்பு மை பட்டால் பிள்ளை மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு நோட்டை மூடிவிடும். இந்த வாரம் ந, ன, ண மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொல்லின் முதலில் ந வரும், ன வராது. த-வுக்கு முன்னால் ந், ற-வுக்கு முன்னால் ன், ட-வுக்கு முன்னால் ண்: பந்து, கன்று, வண்டி. இவ்வளவையும் அவன் எழுதிய வரிகளிலேயே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மற்ற பிழைகளைக் கண்டும் காணாமல் விடுங்கள், அதற்கு அடுத்த வாரம் இருக்கிறது.

247 எழுத்து என்றதும் மிரளுகிற பிள்ளைகள் உண்டு. உயிர் 12, மெய் 18, கால், கொம்பு, சுழி இவை பிடிபட்டால் உயிர்மெய் 216-ல் பெரும்பகுதி தானாக வரும். ஆனால் பதிமூன்று வயதுப் பையனை இதற்காக ஒன்றாம் வகுப்புப் புத்தகத்துக்கு முன்னால் உட்காரவைக்காதீர்கள், அது அவமானம். அவன் சொன்ன 'சிரட்டை'யிலிருந்தே சி-யும் ட்-டும் டை-யும் சொல்லிக்கொடுக்கலாமே.

போர்ஷன் எப்போது முடிப்பது என்று கேட்பீர்கள், நியாயம்தான். கேள்வி பதிலைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு எல்லாரும் பார்த்து எழுதும் நேரம் தினமும் இருக்கிறதே, அப்போது தடுமாறுகிற இரண்டு மூன்று பேரை மட்டும் மேசைக்குப் பக்கத்தில் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பதிலை அவர்கள் எழுதாமல் போனால் போகட்டும். எப்படியும் அவர்கள் அதை வாசிக்காமல்தான் வரைந்துகொண்டிருந்தார்கள்.