கம்பி இறுக்குவதில்லை

நேயர்களுக்கு வணக்கம். இடையை இறுக்கிக் கட்டும் ஆடையான கார்செட் என்றதும் பலருக்கும் கம்பிக்கூடுதான் நினைவுக்கு வரும். ஆனால் இடையை இறுக்குவது துணி. முதுகில் கோத்த கயிற்றை இழுக்கிற விசை முழுவதையும் அதுதான் தாங்குகிறது. துணி மடிந்து சுருளாமல் நிமிர்த்தி வைப்பது மட்டுமே கம்பியின் வேலை.

அதனால்தான் இதற்கென்றே கூட்டில் என்ற பருத்தித் துணி இருக்கிறது. மீன்முள் போன்ற நெருக்கமான நெசவு. இழுத்தால் எளிதில் நெகிழாது. வெட்டும்போது ஒவ்வொரு துண்டிலும் பாவு நூல் (துணியின் நீளவாட்டு நூல்) இடைக்கோட்டுக்குச் செங்குத்தாக ஓட வேண்டும். சாய்த்து வெட்டினால் இடைப்பகுதி கிராஸில், அதாவது துணி இழுபடும் சாய்வாட்டில், விழும். நாலு முறை உடுத்தியதும் துணி இளகி, கார்செட் ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். அப்புறம் எத்தனை கம்பி செருகியும் பயனில்லை. இரண்டடுக்குத் துணிக்கு நடுவே, இடைக்கோட்டில், 2 சென்டிமீட்டர் அகல நாடா ஒன்றையும் வைத்துத் தைப்பது இந்த இளகலைத் தடுக்கத்தான்.

சுருள் கம்பி எல்லாப் பக்கமும் வளையும். வளைந்த தையல்களுக்கு அது. பட்டைக் கம்பி முன்பின்னாக மட்டுமே வளையும். முதுகில் ஐலெட் (கயிறு கோக்கும் துளைக்கான வளையம்) வரிசையின் இருபுறமும் பட்டைக் கம்பிதான் வேண்டும்; சுருளைப் போட்டால் வரிசையே வில்லாக வளைந்துவிடும். 7 மில்லிமீட்டர் கம்பிக்கு, அது நுழையும் துணிக் குழல் 9 அல்லது 10 மில்லிமீட்டர். நீளத்தில் மேலும் கீழும் அரை சென்டிமீட்டர் விடாவிட்டால் கம்பி முனை ஓரப்பட்டியைத் தின்றுவிடும்.

ஐலெட் துளையை வெட்டி எடுக்கக் கூடாது. குத்தூசியால் நூல்களை விலக்கினால் அறுபடாத நூலே வளையத்தைப் பிடித்துக்கொள்ளும்.

18ஆம் நூற்றாண்டில் துளைகளைச் சுற்றி நூலால்தான் தைத்தார்கள். பலமாக இழுத்தால் துளை கிழியும். ஃபிரான்சில் 1828 வாக்கில் உலோக ஐலெட் வந்த பிறகே கயிற்றை அவ்வளவு பலமாக இழுக்க முடிந்தது. அக்காலத்தில் கம்பிக்குப் பதிலாகச் செருகிய திமிங்கில எலும்பு, எலும்பே அல்ல. திமிங்கிலத்தின் மேல்தாடையில் தொங்கும் தகடு. 1987இல் பிரிட்டிஷ் ஆடை வடிவமைப்பாளர் விவியென் வெஸ்ட்வுட் கார்செட்டை வெளியாடையாக்கியபோது பக்கங்களில் நெகிழ்துணி வைத்தார். வடிவம் பழையது, இறுக்கம் போய்விட்டது.

அணிந்து பார்க்கையில் முதுகில் இரு ஐலெட் வரிசைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியைக் கவனியுங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக 5 சென்டிமீட்டர் இருந்தால் சரி. மேலே குறுகிக் கீழே அகன்றால், இடுப்புக்கு அளவு போதவில்லை. ஒடுங்கிய இடை வேறு, அதற்குக் கீழே அகன்ற இடுப்பு வேறு. பிழை பெரும்பாலும் அங்கேதான். கயிற்றை எவ்வளவு இழுத்தாலும் சரியாகாது, பேட்டர்னைத்தான் திருத்த வேண்டும்.