பழைய பைக் ஐடிலிங்கில் நிற்கவில்லையா? ஸ்க்ரூவைக் கடைசியில் தொடுங்கள்

காட்சி: போடிமெட்டு மலைச்சாலை. வளைவின் ஓரமாக நிற்கும் பழைய 100 சிசி பைக்.

வணக்கம். போடிநாயக்கனூரிலிருந்து பூப்பாறைக்கும் மூணாறுக்கும் வேலைக்காக ஏறி இறங்குகிற நம்மில் பலரிடம் இன்னும் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்ப்ரேட்டர் வைத்த வண்டிகள்தான் இருக்கின்றன. இந்தச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில், ஆக்சிலரேட்டரை விட்டுத் திரும்பும் நேரத்தில் எஞ்சின் அணைந்துபோனால், பின்னால் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் வந்துகொண்டிருக்கும். ஆகவே ஐடிலிங், அதாவது ஆக்சிலரேட்டரைத் திருகாதபோதும் எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருப்பது, நிலைக்காததைச் சின்னக் குறை என்று நான் நினைப்பதில்லை.

வண்டி அணைந்தவுடன் பெரும்பாலோர் செய்கிற முதல் வேலை, திருப்புளியை எடுத்து ஐடிலிங் ஸ்க்ரூவை முறுக்குவது. அதனால் எஞ்சின் வேகம் கூடுமே தவிர, அணைவதற்கான காரணம் அப்படியே உள்ளே இருக்கும். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகுதான் ஸ்க்ரூவைத் தொட வேண்டும்.

காட்சி: கார்ப்ரேட்டரின் அண்மைக் காட்சி.

வண்டி எப்போது அணைகிறது என்று முதலில் கவனியுங்கள். காலையில் சோக்கை (குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் பங்கைக் கூட்டும் லீவர்) இழுத்தால் அணையாமல் ஓடுகிறது, தள்ளியவுடன் அணைகிறது என்றால், ஐடிலிங்குக்கான பெட்ரோல் போதவில்லை. பெரும்பாலும் ஸ்லோ ஜெட், அதாவது ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சிறு துளையுள்ள பாகம், அடைத்திருக்கும். அதன் துளை அரை மில்லிமீட்டரை விடவும் சிறியது என்பதால், டேங்கிலிருந்து வரும் மெல்லிய துருத்தூளே அதை அடைத்துவிடும். இப்போதைய பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. மேலே தென்மேற்குப் பருவமழையில் வாரக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியின் கார்ப்ரேட்டர் கிண்ணத்தில் தண்ணீர் தங்கியிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து, வருவதை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள்; தண்ணீர் அடியில் தனியாகத் தெரியும். ஜெட்டைக் கழற்றினால் கார்ப் கிளீனர் அடித்துக் காற்றால் ஊதுங்கள். இரும்புக் கம்பியை உள்ளே விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும், அதன்பின் புதிய ஜெட் மாற்றாமல் எந்தச் செட்டிங்கும் நிற்காது.

ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் உடனே இறங்காமல் தொங்கிக்கொண்டிருந்து, பிறகு திடீரென்று அணைந்தால், எங்கோ கணக்கில் வராத காற்று நுழைகிறது என்று பொருள். கார்ப்ரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள மேனிபோல்டு ரப்பரும் அதன் ஓ-ரிங்கும் வயதானால் இறுகி வெடிக்கும். என் தந்தையாரின் வண்டியில் மூன்று முறை கார்ப்ரேட்டரைக் கழுவியும் தீராத குறை, அந்த ஓ-ரிங்கை மாற்றிய அன்றே தீர்ந்தது. எஞ்சின் ஓடும்போது அந்த இணைப்பின் மேல் தண்ணீரை மெல்லிய சாரலாகத் தெளித்துப் பாருங்கள். ஓசை மாறினால் ஓட்டை அங்கேதான். இதற்குப் பெட்ரோலைத் தெளிப்பவர்களும் உண்டு, சூடான எஞ்சின் பக்கத்தில் அதைச் செய்யவே கூடாது. ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் மேக்னட் (மின்சாரம் உண்டாக்கும் பாகம்) பக்கத்து ஆயில் சீல் தேய்ந்தாலும் இதே அறிகுறிதான் தெரியும்.

குளிரில் நன்றாக ஓடி, நன்கு சூடான பிறகு அணைகிற ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிக்கு டேப்பட்டை, அதாவது வால்வுக்கு விட்டிருக்கும் இடைவெளியை, சோதிக்க வேண்டும். இடைவெளி குறைந்திருந்தால், சூட்டில் வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் கசியும். எஞ்சின் முற்றிலும் ஆறிய பிறகு, உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டால் வைக்க வேண்டும். ஹேண்டிலைத் திருப்பும்போது மட்டும் வேகம் கூடினால், ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது. பிளக், பிளக் கேப், ஏர் ஃபில்டர் மூன்றையும் இதற்குள் ஒருமுறை பார்த்திருக்க வேண்டும்.

காட்சி: சூடான எஞ்சின், கையில் சிறிய திருப்புளி.

இப்போதுதான் ஸ்க்ரூ. வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு நிறுத்துங்கள். ஐடிலிங்கில் பெட்ரோல்-காற்றுக் கலவையை மாற்றும் மிக்சர் ஸ்க்ரூவை மெதுவாக, இறுக்காமல், அடி தட்டும் வரை உள்ளே முறுக்கி, எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பின்பு அதே அளவுக்கு வெளியே எடுத்து வண்டியைக் கிளப்பி, அங்கிருந்து கால் சுற்று கால் சுற்றாக மாற்றி, எஞ்சின் மிகச் சீராக ஓடும் இடத்தில் நிறுத்துங்கள். ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது, வெளியே எடுக்க எடுக்கக் கலவை மெலியும், அதாவது பெட்ரோலின் பங்கு குறையும். எஞ்சின் பக்கம் இருந்தால் பெட்ரோலைக் கட்டுப்படுத்துகிறது, வெளியே எடுக்கக் கலவை தடிக்கும். அதன்பிறகு ஐடிலிங் ஸ்க்ரூவால் வேகத்தைக் கையேட்டு அளவுக்கு இறக்குங்கள். பழைய 100 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளில் அது நிமிடத்துக்கு 1,400 சுற்றுகளை ஒட்டியிருக்கும்.

நம் பகுதிக்கென்று ஒன்று உண்டு. போடி கடல்மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மூணாறு ஏறத்தாழ 1,500 மீட்டர். அந்த ஏற்றத்துக்குள் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடுவதால், கீழே கச்சிதமாக வைத்த கலவை மேலே தடித்துப்போகும். வாரக்கணக்கில் மேலேயே தங்குபவர்கள் அங்கே சற்று மெலிதாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் இறங்கி வந்ததும் குறித்து வைத்த பழைய எண்ணிக்கைக்கே திருப்புங்கள். இல்லையென்றால் போடி பேருந்து நிலையம் முன்பு ஆக்சிலரேட்டரை விட்டவுடன் வண்டி மறுபடி அணையும்.