ஒரே பாய்ரோ, மூன்று முகங்கள்

(திரையில்: ஏற்காடு சாலை, மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு)

வணக்கமுங்க. துப்பறியும் படம் நம்ம கொங்குப் பக்கத்துக்குப் புதிதல்ல. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1966-இல் ‘வல்லவன் ஒருவன்’, 1970-இல் ‘சி.ஐ.டி. சங்கர்’ என்று எடுத்துத் தள்ளியது. இரண்டிலும் ஜெய்சங்கர்தான். அந்த இடத்தில் வேறு ஒருவரை வைத்துப் பார்க்க மனசு வராது. ஆங்கில எழுத்தாளர் அகதா கிறிஸ்டி படைத்த துப்பறிவாளர் ஹெர்க்யூல் பாய்ரோவின் கதையே வேறு. ஆளாளுக்கு நடித்திருக்கிறார்கள்.

பனியில் சிக்கிய ரயிலில் நடக்கும் கொலை, 1934-இல் வந்த ‘மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்’ நாவல். அதை வைத்தே மூன்று பேரைப் பார்க்கலாம். கொலையாளி யாரென்று சொல்லமாட்டேன், பயப்படாதீர்கள்.

(திரையில்: 1974)

ஆல்பர்ட் ஃபின்னி. நாற்பதைத் தொடாதவர், ஒப்பனையில் கிழடு தட்டிப் போயிருப்பார். தூங்கும்போது மீசைக்கு ஒரு கட்டு, தலைக்கு ஒரு வலை! குரலை உயர்த்தி விசாரிக்கும்போது பெட்டியே அதிரும். ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. நல்ல விருந்துதான். ஆனால் உண்மை தெரிந்ததும் அவருக்குள் என்ன ஆனது என்று நமக்குப் பெரிதாகத் தெரிவதில்லை.

(திரையில்: 2017)

கென்னத் பிரானா. ஆரம்பத்திலேயே ஒரு கால் சாணத்தில் பட்டுவிடும். உடனே மற்ற காலையும் வேண்டுமென்றே அதில் வைப்பார். இரண்டும் சமமாக இருக்க வேண்டுமே! உலகம் ஒழுங்காக இருந்தாக வேண்டும் என்கிற அந்தப் பிடிவாதம்தான் பாய்ரோ. அதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டியது அருமை. அப்புறம் சண்டை, துரத்தல் என்று படம் வேறு பக்கம் ஓடிவிடுகிறது.

(திரையில்: 2010)

டேவிட் சூஷே. 1985-இல் பீட்டர் உஸ்டினோவ் பாய்ரோவாக நடித்தபோது, அதில் இன்ஸ்பெக்டர் ஜாப்பாக வந்தவர் இவர்! பிறகு 1989 முதல் 2013 வரை, தொலைக்காட்சியில் 70 கதைகள். சின்னச் சின்ன அடியெடுத்து வைக்கும் அந்த நடையை நினைத்தாலே கண்ணில் நிற்கும்.

ரயில் கதையில் அவர் கையில் ஜெபமாலை இருக்கிறது. சட்டத்தையும் கடவுளையும் நம்பும் மனிதர். கடைசியில் போலீசிடம் எதைச் சொல்வது என்று முடிவெடுக்க வேண்டும். மற்ற இருவருக்கும் இதே முடிவுதான், ஆனால் இவர் முகத்தில் கோபமும் வலியும் ஒன்றாக ஏறுகின்றன. சட்டை மடிப்பைக்கூடப் பொறுக்காதவருக்கு எந்தப் பக்கம் போனாலும் ஒழுங்கு குலைகிறது. என் பார்வையில் இதுதான் சரியான பாய்ரோ.

மூன்றையும் பார்ப்பதென்றால் சூஷேயைக் கடைசியில் வையுங்கள். முதலில் பார்த்துவிட்டால் மற்ற இரண்டும் லேசாகத் தெரியும்.