நான்தான் மகளிரணி

நடுவர் அவர்களுக்கும், இரு அணிப் பேச்சாளர்களுக்கும், கடலூர் மண்ணின் பெரியோர்க்கும் தாய்மார்க்கும் வணக்கம். அவையடக்கம், விழாக் குழுவுக்குப் பாராட்டு, ஒலிபெருக்கி அமைத்தவருக்கு நன்றி ஆகிய மூன்றையும் எதிரணித் தலைவர் எனக்கும் சேர்த்தே விரிவாகச் சொல்லிவிட்டதால், நான் நேரே தலைப்புக்கு வந்துவிடுகிறேன்.

தமிழக அரசியலில் பெண்கள் தலைமை வரை வளர்ந்துவிட்டார்களா, மாநாட்டுக் கூட்டத்தோடு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறார்களா என்பது நமக்குக் கொடுக்கப்பட்ட கேள்வி. நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று வாதிட வந்திருக்கிறேன்.

எதிரணியினர் பெரிய பெயர்களாக அடுக்கினார்கள். சென்னை மாகாணச் சட்ட மேலவையில் துணைத் தலைவராக அமர்ந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1946-இல் அமைச்சரான ருக்மிணி லட்சுமிபதி, மாநில அமைச்சராகவும் பிறகு மத்திய அமைச்சராகவும் இருந்த சத்தியவாணி முத்து என்று அந்த வரிசை நீண்டது. 1982-இல் இதே கடலூரில் நடந்த அண்ணா தி.மு.க. மாநாட்டில் ‘பெண்ணின் பெருமை’ என்ற தலைப்பில் பேசிய ஜெயலலிதா, 1991-இல் முதலமைச்சராகவே ஆகிவிட்டாரே என்றும் கேட்டார்கள். அத்தனையும் உண்மை, ஒன்றையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மாநாட்டுப் பந்தலில் மணலில் உட்கார்ந்து அந்தப் பேச்சைக் கேட்டார்களே, அந்தப் பெண்களில் எத்தனை பேர் மாவட்டச் செயலாளர் ஆனார்கள் என்பதையும் எதிரணி சொல்லியிருக்க வேண்டும். இன்றும் எந்தப் பெரிய கட்சியின் மாவட்டச் செயலாளர் பட்டியலை எடுத்துப் பார்த்தாலும், அதிலுள்ள பெண் பெயர்களை எண்ணுவதற்கு ஒரு கை விரல்களே போதும். வேட்பாளர் பட்டியலுக்குப் பெயர் போவது மாவட்டச் செயலாளரின் மேசையிலிருந்துதான் என்பது இங்கே உட்கார்ந்திருக்கிற கட்சிக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த மேசையிலிருந்து என்ன வந்தது என்று பார்ப்போம். 2021 சட்டமன்றத் தேர்தலில் தமிழகத்தின் பெண் வாக்காளர் ஏறத்தாழ 3 கோடியே 19 லட்சம் பேர். ஆண் வாக்காளரைவிட ஏறக்குறைய 10 லட்சம் அதிகம். அந்தத் தேர்தலில் 234 இடங்களில் வென்ற பெண்கள் 12 பேர். பெண்களை நிறுத்தினால் தோற்றுவிடுவார்கள் என்று எதிரணித் தம்பி ஒருவர் காரணம் சொன்னார். நாம் தமிழர் கட்சி அந்தத் தேர்தலில் 117 பெண்களை நிறுத்தியும் ஒருவரும் வெல்லவில்லையே என்று சான்றும் காட்டினார். தம்பி, அந்தக் கட்சி நிறுத்திய 117 ஆண்களிலும் ஒருவரும் வெல்லவில்லை. அதைப் பார்த்துவிட்டு, இனி ஆண்களுக்குச் சீட்டுக் கொடுப்பது வீண் என்று இந்த நாட்டில் எவராவது சொன்னார்களா?

இதையெல்லாம் பொறுமையாக விளக்கத்தான் குறிப்பெடுத்து வந்தேன். ஆனால் எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன் போகிற போக்கில் ஒன்றைச் சொன்னார். நீங்களும் கை தட்டினீர்கள். “பெண்களை மேடைக்கு வாருங்கள் என்று கட்சி கூப்பிட்டாலும் அவர்கள் வருவதில்லை, மாநாடு முடியும் நேரம் பார்த்துத் தோரண வாயிலில் கட்டிய வாழைத்தாரை அறுத்துக்கொண்டு போவதுதான் அவர்களுடைய அரசியல் பங்கேற்பு” என்றார். குறிப்பு கிடக்கட்டும், நடுவர் அவர்களே. இந்த வாழைத்தாருக்குப் பதில் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்கப் போவதில்லை.

எனக்குப் பெரியம்மா முறையில் ஒருவர் விழுப்புரம் பக்கத்துச் சிற்றூரில் இருக்கிறார். ஒரு கட்சியில் ஒன்றிய மகளிரணித் துணை அமைப்பாளர். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். நான் பெயரைச் சொன்னால் மற்றக் கட்சிக்காரர்களெல்லாம், இது எங்கள் கட்சியில் அல்லவா நடந்தது என்று சண்டைக்கு வருவார்கள். அந்தக் கட்சி மகளிர் மாநாடு நடத்தியது. பெரியம்மா பெயருக்குப் பேட்ஜ் வந்தது. சிவப்பு ரிப்பன், நடுவில் தலைவர் படம், கீழே ‘மகளிரணி’ என்று பொன்னெழுத்து. புறப்படும்போது பெரியப்பா அதை வாங்கித் தம் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். காரணமும் சொன்னார்: “பட்டுப் புடவையில் ஊக்குக் குத்தினால் இழை இழுத்துக்கொள்ளும், என் சட்டையிலேயே இருக்கட்டும்.” புடவையின் மேல் அவ்வளவு அக்கறை! திருமணமான நாளிலிருந்து அந்தப் புடவையைப் பற்றி அவர் பேசியது அன்றைக்குத்தான்.

மாநாட்டு வாயிலில் ஒரு தொண்டர் தம்பி நிறுத்தினார். பேட்ஜைப் பார்த்தார். பெரியப்பாவின் மீசையைப் பார்த்தார். மறுபடியும் பேட்ஜைப் பார்த்தார். “ஐயா, இதில் மகளிரணி என்று போட்டிருக்கிறதே?” “ஆமாம், போட்டிருக்கிறது.” “மகளிரணி எங்கே, ஐயா?” பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: “நான்தான் மகளிரணி.”

சிரிக்கிறீர்கள். சிரிப்பதற்கு அடுத்தது இருக்கிறது. அந்தத் தம்பி ஒரு கணம் யோசித்துவிட்டு, “சரி அண்ணே, உள்ளே போங்கள்” என்று வழி விட்டார். அவருக்குப் பின்னால் பட்டுப் புடவையோடு வந்த பெரியம்மாவைத் தடுத்து, “அம்மா, பேட்ஜ் இல்லாதவர்களெல்லாம் பொதுமக்கள் பகுதிக்குப் போங்கள்” என்றார்.

பின்வரிசையில் சிலருக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. அவர்களுக்காக இன்னொரு முறை சொல்கிறேன். மகளிரணி பொதுமக்கள் பகுதிக்குப் போயிற்று. பொதுமக்களில் ஒருவர் மகளிரணிக்குப் போனார். போனவர் அங்கே தனியாகவும் இல்லை. மகளிரணி நிர்வாகிகளுக்கென்று கயிறு கட்டிய வரிசையில் அமர்ந்து இடப்பக்கம் திரும்பினால் அங்கே ஒரு மீசை. வலப்பக்கம் திரும்பினால் அங்கே இன்னொரு மீசை. “எந்த ஒன்றியம், அண்ணே?” என்று இவர் கேட்க, “வீட்டுக்காரி அந்த ஒன்றியத்தில் அமைப்பாளர், அதனால் நான் அமைப்பாளர்” என்று அவர் சொல்ல, மேடையிலிருந்து “மகளிரணிச் செயல்வீராங்கனைகள் எழுந்து நிற்க வேண்டும்” என்று அறிவிப்பு வந்தபோது, அந்த வரிசை வேட்டியை இறுக்கிக்கொண்டு கம்பீரமாக எழுந்து நின்றதாம். சால்வையும் போர்த்தினார்களாம். நடுவர் அவர்களே, அந்தச் சால்வை இன்றும் பெரியப்பாவின் சாய்வு நாற்காலியில்தான் கிடக்கிறது.

இப்போது வாழைத்தாருக்கு வருகிறேன், அண்ணா. அந்த நேரத்தில் பெரியம்மா எங்கே நின்றிருந்தார்? பொதுமக்கள் பகுதியில் இடமில்லாமல் தோரண வாயிலின் ஓரத்தில் நின்றிருந்தார். அங்கே அவருக்குப் பக்கத்தில் என்ன இருந்தது? நீங்கள் சொன்ன அந்த வாழைத்தார்தான் இருந்தது! மேடைக்குப் பக்கத்தில் அவர் உட்கார வேண்டிய நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்துகொண்டு, அவரை வாழை மரத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டு, ‘அம்மா ஏன் வாழைத்தாரையே பார்க்கிறார்?’ என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

அதையும் யார் அறுத்தது என்று கேட்டேன். அலங்கார வாயிலின் தூணில் பத்தடி உயரத்தில் கட்டிய தாரை, புடவை கட்டியவர் எப்படி ஏறி அறுப்பார்? ஏறியவர்கள் வேட்டியை மடித்துக் கட்டியவர்கள். அரிவாள் கொண்டு வந்தவர்களும் அவர்களே. பெண்கள் கீழே நின்று பிடித்தார்கள். படம் எடுத்தவர் கீழே நின்றவர்களை மட்டும் எடுத்தார்.

சரி, பிடித்தார்கள். ஏன் பிடித்தார்கள் என்றும் கேளுங்கள். ஒன்றியத்துக்கு இத்தனை வேன், வேனுக்கு இத்தனை பெண்கள் என்று கணக்கு. விடிவதற்கு முன் சோறு வடித்து வைத்துவிட்டு, அன்றைய நூறு நாள் வேலைக் கூலியை விட்டுவிட்டு வேனில் ஏறுகிறார்கள். ஏறும் முன்பே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது என்ன தெரியுமா? “தண்ணீர் குடித்துவிடாதே.” பந்தலில் இலட்சம் பேருக்கு நாற்காலி இருக்கும், ட்ரோன் பறக்கும், தலைவர் நடந்து வருவதற்கென்று தனிப் பாதை நீண்டு கிடக்கும்; பெண்கள் ஒதுங்குவதற்கு நாலு தகரத் தடுப்பு எங்கேயோ ஒரு மூலையில் இருக்கும், அதில் தண்ணீர் இருக்காது. ஆகவே காலையிலிருந்து இரவு வரை நாக்கு வறண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கூட்டத்தில் ஒரு பெண் மயங்கி விழுந்தால், வெயில் தாங்கவில்லை என்று மறுநாள் செய்தி வருகிறது. நள்ளிரவில் ஊர் திரும்பும்போது பேரப் பிள்ளைக்கு நாலு வாழைப்பழம் எடுத்துப் போனால், அதுதான் உங்கள் கண்ணில் படுகிறது. மாநாட்டின் பெயரில் யார் யார் என்னென்ன எடுத்துப் போனார்கள் என்று முழுக் கணக்குப் பார்க்கலாமா, அண்ணா? வேண்டாம். விழாக் குழுவில் பலரும் பழைய மாநாட்டுப் பொறுப்பாளர்கள் என்று கேள்விப்பட்டேன்.

பெண்களைக் கூப்பிட்டாலும் வர மாட்டார்கள் என்றீர்களே, 1938-க்கு வாருங்கள். அந்த ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது. தலைமை மறைமலை அடிகளின் மகள் நீலாம்பிகை அம்மையார். முன்னின்று நடத்தியவர்கள் டாக்டர் தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றவர்கள். ஈ.வெ.ரா.வை இனிப் ‘பெரியார்’ என்றே அழைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டவர்கள் அந்தப் பெண்கள். இன்றைக்கு எல்லாக் கட்சி மேடையிலும் ஒலிக்கிற அந்தப் பெயர், ஆண்கள் கூடிய செயற்குழுவில் பிறந்ததல்ல. மாநாட்டுக்கு மறுநாள் அவர்கள் வாழைத்தாரைத் தேடிப் போகவில்லை, அண்ணா. இந்தித் திணிப்பை எதிர்த்து மறியல் செய்து கைதானார்கள். கைக்குழந்தையோடு சிறைக்குப் போனவர்களும் அவர்களில் உண்டு.

அப்படியானால் பெண்கள் அன்றே வளர்ந்துவிட்டார்கள் என்று எதிரணி துள்ளலாம். நான் கேட்பது வேறு. அன்று பெண்கள் மாநாட்டுக்குப் பெண் தலைமை. இன்று மகளிரணி மாநாட்டுச் சுவரொட்டியைப் பாருங்கள். தலைவர் படம் ஆளுயரத்தில் இருக்க, மகளிரணிச் செயலாளரின் படம் அஞ்சல் தலை அளவில் இருக்கிறது. 2008-இல் இதே கடலூரில் தி.மு.க. மகளிரணி மாநாடு நடந்தது. 2023-இல் சென்னை நந்தனத்தில் மகளிர் உரிமை மாநாடு நடந்தது, சோனியா காந்தியும் பிரியங்காவும் மெகபூபா முப்தியும் மேடையில் இருந்தார்கள். கண்ணுக்கு நிறைவான காட்சிதான். கீழே இருந்த பெண்களில் எத்தனை பேர் அடுத்த மேடைக்குத் தேறினார்கள் என்பதுதான் என் கவலை. 2024-இல் விக்கிரவாண்டியில் தமிழக வெற்றிக் கழகத்தின் மாநாட்டில் வேலு நாச்சியாரும் உங்கள் ஊர் அஞ்சலை அம்மாளும் விண்ணை முட்டும் கட்அவுட்டாக நின்றார்கள். 1927-இல், 1857 கிளர்ச்சியை ஒடுக்கிய ஆங்கிலேயத் தளபதி நீலின் சென்னைச் சிலையை அகற்றச் சொல்லித் தம் சிறு மகளோடு போராட்டத்தில் இறங்கியவர், 1937-இல் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அஞ்சலை அம்மாள். மறைந்த பெண்களுக்குக் கட்அவுட்டில் தாராளமாக இடம் கிடைக்கிறது. உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் நாற்காலிப் பஞ்சம்.

நாற்காலி என்றதும் நெஞ்சு அடைக்கிறது. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் வந்தது. எதிரணி அதைத் தங்கள் வெற்றியாகச் சொன்னது. 2020-இல் இந்த மாவட்டத்துத் தெற்குத் திட்டையில், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பட்டியலினப் பெண் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். வெளியூர்ச் செய்தியென்றால் வேகமாகக் கடந்திருப்பேன். உங்கள் ஊர்ச் செய்தி, தாய்மார்களே.

1938-இல் திருச்சியிலிருந்து சென்னைக்கு இந்தி எதிர்ப்புப் படை நடந்தபோது, அந்த ஆண்கள் நடுவே ஒரே பெண்ணாக நடந்தவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். நாற்பத்திரண்டு நாள் நடந்தார். ஐம்பதைக் கடந்த வயது. வழியில் எந்தத் திண்ணையில் படுத்தாரோ, எந்தக் கிணற்றடியில் குளித்தாரோ, கால் வலித்தபோது யாரிடம் சொன்னாரோ தெரியாது. அந்த அம்மா அத்தனை தூரம் நடந்தார். அவருடைய பேத்திகளுக்குப் பொதுமக்கள் பகுதியிலிருந்து மேடைக்கு நடக்க வழி இல்லை.

மணி அடிக்கிறது, நடுவர் அவர்களே. ஒரு நிமிடம் கொடுங்கள். அது எனக்கு வேண்டாம், என் பெரியம்மாவுக்கு வேண்டும். அந்த மாநாட்டில் அவருக்குப் பேச இரண்டு நிமிடம் ஒதுக்கியிருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஐந்தாம் வகுப்புப் படித்தவர். பேத்தியை எழுதச் சொல்லி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் கழனிக்குப் போகும்போதும் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்திருந்தார். அவர் பெயரை அழைத்தபோது, “அவர் சார்பில் நான் வந்திருக்கிறேன்” என்று பெரியப்பா எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாராம். அந்தப் பேச்சை எனக்கு ஒரு முறை சொல்லிக் காட்டினார். இந்த மேடையில் அது ஒலித்துவிடட்டும்.

“தலைவர் அவர்களே, வணக்கம். எங்கள் கீழத்தெருவில் குடிநீர்க் குழாய் இரண்டு இருக்கிறது. மோட்டார் போடுகிறவர் காலை ஆறு மணிக்குத்தான் வருகிறார். நடவுக்குப் போகிற நாங்கள் ஐந்தரைக்கே புறப்பட்டுவிடுகிறோம். திரும்பி வரும்போது தொட்டியில் தண்ணீர் இருப்பதில்லை. மோட்டாரை ஐந்து மணிக்குப் போடச் சொல்லுங்கள். இதற்கு அரசாங்கத்துக்குப் பணம் எதுவும் செலவாகாது. நன்றி, வணக்கம்.”